துடைப்பத்தைப் பார்த்துச் சிரித்தவன் எழுதும் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு இதழின் விளையாட்டுப் பக்கத்தில், வலது கீழ்மூலையில், ஒரு படம் வெளிவந்திருந்தது. பனித்தளத்தில் கருங்கல் ஒன்று வழுக்கிக்கொண்டு போக, அதன் முன்னால் இரண்டு பெண்கள் குனிந்தபடி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே ஓடும் காட்சி அது. 'வீடு கூட்டினாலும் பதக்கம் உண்டு' என்று தலைப்பிட்டு, 2 கிலோ எடையுள்ள கல்லை உருட்டிவிட்டு அதன் பாதையில் உள்ள பனியைச் சுத்தம் செய்யும் விசித்திர விளையாட்டு கர்லிங் என்று ஆறே வரியில் செய்தியை முடித்திருந்தீர்கள். அந்த ஆறு வரியில் பிழைகள் மூன்று. கல்லின் எடை விதிப்படி 17 கிலோவுக்கும் 20 கிலோவுக்கும் இடைப்பட்டது. அதை யாரும் உருட்டுவதில்லை; தளத்தை விட்டு எழாமல் அது சறுக்கிச் செல்கிறது. பனியைத் தேய்ப்பதற்கும் சுத்தத்துக்கும் பெரிய தொடர்பு கிடையாது. முதல் இரண்டையும் அவசரத்தில் நேர்ந்தவை என்று விட்டுவிடலாம். மூன்றாவதை விட மனம் வரவில்லை, அதனால்தான் இக்கடிதம்.

ஓராண்டுக்கு முன் இதே படத்தைப் பார்த்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். தொலைக்காட்சியில் இந்த ஆட்டம் வந்தபோதெல்லாம், "நம்ம வீட்டு வேலைக்காரம்மாவை அனுப்பினால் தங்கமே வாங்கி வருவார்" என்று சொன்னவன் நான். அந்தச் சிரிப்பு எனக்கு 63ஆம் வயதில் அடங்கியது. அடங்கிய இடம் கனடா.

நான் மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஃபிட்டராகச் சேர்ந்து, மேற்பார்வையாளராக வெளியே வந்தேன். இப்போது செம்பூரில் வாசம். என் மகள் குடும்பத்தோடு ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறாள். போன குளிர்காலத்தில் நானும் மனைவியும் அங்கே போயிருந்தபோது, அவ்வூர் கர்லிங் மன்றம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் கதவைத் திறந்துவைத்து, ஆட்டம் தெரியாதவர்களை இலவசமாக அழைத்துக் கற்றுக்கொடுத்தது. பேத்திக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்குத் துணையாகப் போனேன். என் மனைவி பனிக்குள் இறங்க மறுத்துவிட்டாள். அரங்கின் ஒரு முனையில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வெதுவெதுப்பான கூடம் ஒன்று உண்டு. அங்கே காபியோடு உட்கார்ந்துகொண்டாள். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அவளே சாட்சி.

உள்ளே போனதும் என் ஃபிட்டர் கண்ணுக்கு முதலில் பட்டது தளம். பனித்தளம் என்றால் கண்ணாடிபோல் வழவழவென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். குனிந்து கையுறையைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தபோது தளம் முழுவதும் பொடிப்பொடியான பனி மணிகள். ஆரஞ்சுப் பழத்தோல்போல இருந்தது. தளத்தைச் சமப்படுத்திய பிறகு, பணியாளர் ஒருவர் முதுகில் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிக்கொண்டு, பூவாளிபோன்ற ஒரு முகப்பைக் கையில் பிடித்து இருபுறமும் வீசியபடி பின்பக்கமாகவே நடந்துபோகிறார். விழும் துளி ஒவ்வொன்றும் விழுந்த இடத்திலேயே உறைந்து மணியாகிறது. இதற்குப் பெப்பிள் என்று பெயர். அந்த மணிகளின் தலையைப் பிறகு ஒரு கத்தியால் ஒரே மட்டமாகச் சீவிவிடுகிறார்கள். கல் இந்த மணிகளின் தலைமேல்தான் போகிறது. பனியின் முழுப் பரப்பையும் அது தொடுவதே இல்லை. சமதளமான பனியில் இந்தக் கல்லை விட்டால் பாதி தூரம் போவதற்குள் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுமாம்.

கல்லைப் புரட்டிக் காட்டச் சொன்னேன். சொல்லிக்கொடுத்தவர் எழுபது வயது தாண்டிய ஒரு பெண்மணி. இப்படிக் கேட்ட முதல் ஆள் நான்தான் என்று சிரித்தபடி, இன்னொருவர் உதவியோடு ஒரு கல்லைச் சாய்த்துக் காட்டினார். அடிப்பக்கம் கிண்ணம்போல் உள்வாங்கியிருந்தது. தளத்தில் படுவது ஒரு வளையம் மட்டும். அதன் அகலம் ஒரு சென்டிமீட்டர்கூட இராது. இருபது கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையை அந்த மெல்லிய வளையம் தாங்குகிறது. ரயில் சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடம் ஒரு நாணயத்தின் அளவுதான் என்று புதிதாகச் சேரும் பையன்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். எனக்கே யாரோ அதைத் திருப்பிச் சொல்வதுபோல் இருந்தது. அந்த வளையம் வழவழப்பாகிவிட்டால் கல் சரியாகத் திரும்பாது என்பதால், அவ்வப்போது உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பு ஏற்றுகிறார்கள். அம்மி தேய்ந்துபோனால் தெருவில் வருபவரைக் கூப்பிட்டு உளியால் கொத்தி வாங்குவோமே, அதே கதைதான்.

இந்தக் கல்லுக்கும் ஒரு ஊர் உண்டு. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையருகே கடலில் குமிழ்போல் நிற்கும் ஐல்சா கிரெய்க் என்ற சிறு தீவின் கருங்கல்லால்தான் ஒலிம்பிக்கில் ஆடப்படும் கற்களைச் செய்கிறார்கள். அத்தீவில் மனிதர் யாரும் குடியிருக்கவில்லை. கடற்பறவைகளின் சரணாலயம் அது. மோதலைத் தாங்கும் ஒரு வகைக் கல்லை உடம்புக்கும், தண்ணீரை உறிஞ்சாத மற்றொரு வகையை அடிப்பாகத்துக்கும் வைக்கிறார்கள். தண்ணீர் உள்ளே புகுந்து உறைந்தால் கல் பொரிந்துபோகும் என்பதே காரணம். ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்களோடு ஆட்டம் கனடாவுக்குப் போனபோது, கியூபெக் பக்கத்தில் கல்லுக்குப் பதில் இரும்பில் வார்த்து ஆடியிருக்கிறார்கள். மான்ட்ரியல் நகரத்தின் கர்லிங் மன்றம் தொடங்கிய ஆண்டு 1807. நம் ஊரில் ரயில் ஓடுவதற்கு 46 ஆண்டுகளுக்கு முன்.

இனி என் வீரத்தைச் சொல்கிறேன். தடத்தின் ஒரு முனையில் ஹேக் எனப்படும் ரப்பர்ப் பிடிமானம் பதித்திருக்கிறது. வலது பாதத்தை அதில் ஊன்றி, இடது காலின் அடியில் வழுக்கும் தகடு ஒன்றைக் கட்டிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, பிருஷ்டத்தைத் தூக்கி, பிறகு கல்லோடு சேர்ந்து நாமும் முன்னால் சறுக்க வேண்டும். கையால் தள்ளக்கூடாது; ஊன்றிய காலின் உந்துதல்தான் கல்லுக்குப் போகும் வேகம். அருகிலுள்ள குறுக்குக்கோட்டுக்கு முன்பே கையை எடுத்துவிட வேண்டும். பேத்தி இரண்டாவது முயற்சியிலேயே வாத்துபோல் அழகாக நீந்திப் போனாள். நான் முதல் முயற்சியில் கல்லை விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். இரண்டாவதில் கல் போயிற்று, நான் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தேன். கண்ணாடிக்கு அப்பால் காபிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என் மனைவி எழுந்து நின்றது தெரிந்தது. பயந்து எழுந்தாள் என்று நினைத்தேன். நன்றாகத் தெரியட்டும் என்று எழுந்தாளாம்.

முட்டி வலிக்காரன் என்று தெரிந்ததும், அந்தப் பெண்மணி ஒரு நீளக் கோலைக் கொண்டுவந்தார். கோலின் நுனி கல்லின் கைப்பிடியில் பொருந்திக்கொள்ளும். நின்றபடியே நடந்துபோய்க் கல்லைத் தள்ளி விடலாம். வயதானவர்கள் பலர் இப்படித்தான் ஆடுகிறார்களாம். இதை யாரும் குறைவாக நினைப்பதில்லை. சக்கர நாற்காலியில் ஆடுவோரும் இதுபோன்ற கோலைத்தான் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்கான போட்டி 2006ஆம் ஆண்டு டூரின் நகரத்தில் நடந்த பாராலிம்பிக்கிலிருந்து இடம்பெற்றிருக்கிறது. கோல் கிடைத்த பிறகுதான் நான் விழுவதைப் பற்றிய கவலையை விட்டு ஆட்டத்தைக் கவனிக்கத் தொடங்கினேன்.

கல்லை விடும்போது கைப்பிடியைக் கடிகாரமுள் திசையிலோ எதிர்த்திசையிலோ மெல்லத் திருப்பி விட வேண்டும். வலப்பக்கம் சுழன்றால் கல் போகப்போக வலப்பக்கமே வளையும். இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்கள் வீட்டில் ஓர் எவர்சில்வர் தம்ளரைக் கவிழ்த்து, வழவழப்பான மேசையில் வலப்பக்கம் சுழற்றியபடி தள்ளிப் பார்க்கட்டும். தம்ளர் இடப்பக்கம் வளையும். கர்லிங் கல் அதற்கு நேரெதிர். ஏன் இப்படி என்பதில் இயற்பியலாளர்களிடையே இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. கல்லின் முன்விளிம்பு பனிமணிகளில் கீறும் நுண்ணிய கோடுகளைப் பின்விளிம்பு பற்றிக்கொண்டு திரும்புகிறது என்று சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் 2013இல் ஒரு விளக்கம் தந்தார்கள். அதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ஐநூறு ஆண்டுகளாக மனிதர்கள் ஆடிவரும் ஒரு விளையாட்டில் கல் ஏன் வளைகிறது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

இப்போது துடைப்பத்துக்கு வருகிறேன்.

ஓர் அணிக்கு நால்வர். ஒருவர் கல்லை விட, ஸ்கிப் எனப்படும் தலைவர் எதிர்முனையில் கல் போய்ச் சேர வேண்டிய இலக்கு வட்டத்துக்குள் நின்று திசை காட்ட, மற்ற இருவரும் பிரஷ்ஷோடு கல்லின் கூடவே ஓடுகிறார்கள். ஒரு முனை வட்டத்தின் மையத்திலிருந்து மறுமுனை மையம் வரை ஏறத்தாழ 35 மீட்டர். கல் போய்ச் சேர இருபது விநாடிக்கு மேல் ஆகிறது. கிரிக்கெட்டில் பந்து கையை விட்டுப் போய்விட்டால் வீசியவருக்கு அதன்மேல் எந்த அதிகாரமும் இல்லை. கோலிக்குண்டும் அப்படித்தான், அம்பும் அப்படித்தான். கர்லிங்கில் கல் கையை விட்ட பிறகுதான் பாதி வேலை தொடங்குகிறது. பலமாக அழுத்தித் தேய்க்கும்போது பனிமணிகளின் மேற்பரப்பில் சூடேறி உராய்வு குறைகிறது. கல் இரண்டு மூன்று மீட்டர் கூடுதலாகப் போகிறது, வளைவதும் தள்ளிப்போகிறது. வழியில் கிடக்கும் தூசியையும் முடியையும் பிரஷ் விலக்கத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது அடுப்பை மூட்டும்போது கை சூடாவதைப் போன்றது. வேகம் போதுமா போதாதா என்று தேய்ப்பவர் கணிக்கிறார், கோடு சரியா என்று ஸ்கிப் கணிக்கிறார், இருவரும் ஓடும் கல்லுக்கு மேலே கத்திக் கத்தி ஒரு முடிவுக்கு வருகிறார்கள். தேய்க்க வேண்டிய நேரத்தில் தேய்ப்பது எவ்வளவு முக்கியமோ, தேய்க்காமல் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு சும்மா கூட ஓடுவதும் அவ்வளவு முக்கியம்.

அந்தக் கத்தலைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பக்கத்துத் தடத்தில் பழகிய ஆட்டக்காரர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். வாட்டசாட்டமான ஒருவர் வட்டத்துக்குள் நின்று, தொண்டை கிழிய, "ஹரி! ஹரி! ஹரி!" என்று அலறினார். மாட்டுங்காவில் மார்கழி பஜனைகளைக் கேட்டே வளர்ந்த எனக்கு, அந்நிய மண்ணில், உறைபனியில், பகவான் நாமம் கேட்டதும் ஒரு கணம் மெய்சிலிர்த்துவிட்டது. விரைந்து தேய்க்கச் சொல்லும் ஆங்கிலச் சொல் அது என்று பேத்தி விளக்கிய பிறகும், என் காதுக்கு இன்றுவரை அது பஜனைதான்.

பிரஷ் என் கைக்கு வந்தபோது, கல்லை விட்டவள் பேத்தி. அவளுக்கு வலு போதவில்லை. எதிர்முனையில் ஒரு குறுக்குக்கோடு உண்டு. அதை முழுவதும் தாண்டாத கல் ஆட்டத்திலேயே சேராது, எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். அந்தக் கோட்டுக்கு இன்னும் ஏழெட்டு மீட்டர் இருக்கும்போதே கல் தளர்ந்துவிட்டது என் கண்ணுக்கே தெரிந்தது. என்னோடு தேய்க்க வந்தவர் ஒரு கல்லூரி மாணவர். இருவரும் குனிந்தோம். பிரஷ்ஷின் மீது உடல் பாரத்தை இறக்கி, முன்னும் பின்னும், முன்னும் பின்னும். ஐந்தாவது விநாடியில் தோள் எரிந்தது, பத்தாவது விநாடியில் மூச்சு இரைந்தது, மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து கல்லின் சிவப்புக் கைப்பிடி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. நிற்கப்போகிறது, நிற்கப்போகிறது என்று தோன்றிய கல் நிற்காமல் ஊர்ந்தது. கோட்டைத் தாண்டி ஒரு சாண் தூரத்தில் போய் நின்றது. கடைசி நிலையத்துக்குள் எஞ்சின் இல்லாமல் உருண்டு நுழையும் பெட்டியை நான் பார்த்திருக்கிறேன். அதற்குக்கூட நான் இவ்வளவு சத்தம் போட்டதில்லை. வெளியே வந்ததும் மனைவி சொன்னது ஒரே வரி: "முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு நாள் இப்படிக் கூட்டியிருந்தா வீடு எப்படி இருந்திருக்கும்!"

இதே ஓட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. அதற்கு அடுத்த கல்லைத் தேய்க்கும்போது என் பிரஷ்ஷின் ஓரம் கல்லில் பட்டுவிட்டது. பட்டது எனக்குத் தெரியும். வேறு யாரும் பார்க்கவில்லை என்றும் தெரியும். கல் நல்ல இடத்தில் போய் நின்றதால் நான் வாயைத் திறக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் மும்பையில் கேரம் ஆடிய கைக்கு அது பழக்கதோஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேத்தி மட்டும், "தாத்தா, உங்க பிரஷ் பட்டுது, சொல்லணும்" என்று மெதுவாகச் சொன்னாள். சொன்னேன். எதிரணித் தலைவர் தலையசைத்துவிட்டு, அந்தக் கல் நின்ற இடத்திலேயே இருக்கட்டும் என்றார். இந்த ஆட்டத்தில் ஓடும் கல்லைத் தொட்டுவிட்டவர் தானே முன்வந்து சொல்ல வேண்டும் என்பது மரபு. மன்ற ஆட்டங்களில் நடுவரே கிடையாது. ஆட்டம் முடிந்ததும் வென்றவர் தோற்றவருக்குப் பானம் வாங்கிக் கொடுப்பதும் மரபு. தோற்றது நாங்கள், எனக்கு வந்தது இன்னொரு காபி.

இப்படிச் சொல்வதால் கர்லிங்காரர்கள் எல்லோரும் அரிச்சந்திரர்கள் என்று நான் வாதிட வரவில்லை. 2018ஆம் ஆண்டு பியோங்சாங் ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையர் கர்லிங்கில் வெண்கலம் வென்ற ரஷ்ய வீரர் ஒருவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி, பதக்கம் பறிக்கப்பட்டது. கல்லைத் தள்ளிவிடுவதற்கு எதற்கு ஊக்கமருந்து என்று அப்போதும் உலகம் சிரித்தது. ஒரே ஆட்டத்தில் பலமுறை நான் சொன்னபடி தேய்த்துப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். அதற்கும் முன்பு, 2015இல், பிரஷ்ஷின் முகத்தில் வைக்கும் துணியைப் பற்றியே பெரிய சண்டை வந்தது. புதுவகைத் துணியைக் கொண்டு தேய்த்தால் ஓடும் கல்லை வேண்டிய பக்கம் ஓட்டிக்கொண்டே போக முடிகிறது, விட்டவரின் திறமைக்கு மதிப்பில்லாமல் போகிறது என்று முன்னணி ஆட்டக்காரர்களே போர்க்கொடி தூக்கினார்கள். உலகக் கூட்டமைப்பு 2016இல் எந்தத் துணி, எந்தப் பிரஷ் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. துடைப்பத்தின் துணிக்காகச் சட்டம் இயற்ற வேண்டிவந்த ஆட்டத்தில் துடைப்பத்தை வேடிக்கைப் பொருளாகக் காட்டுவது, கிரிக்கெட்டில் பந்தின் தையலைப் பார்த்துத் தையற்கடை என்று எழுதுவதற்குச் சமம்.

தங்கள் வாசகர்களுக்கு இந்த ஆட்டம் புரியாது என்ற எண்ணத்தால் ஆறு வரியோடு நிறுத்தியிருந்தால், அது வீண் கவலை. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் கேரம் பலகை இல்லாத தமிழர் சந்து ஏது? 1991இலும் 1995இலும் கேரம் உலகச் சாம்பியனான மரிய இருதயம் நம் சென்னைக்காரர். கேரத்துக்காக அர்ஜுனா விருது பெற்றவர். கேரம் தெரிந்தவருக்குக் கர்லிங்கைப் பத்து நிமிடத்தில் விளங்கவைத்துவிடலாம். பலகையில் தூவும் போரிக் பவுடரின் இடத்தில் பெப்பிள்; ஸ்ட்ரைக்கரும் காயும் இங்கே ஒன்றே. ஓர் அணிக்கு எட்டுக் கல், மொத்தம் பதினாறும் போய் முடிந்ததும் ஒரு சுற்று. மையத்துக்கு மிக அருகில் யார் கல் இருக்கிறதோ அவருக்கு மட்டுமே புள்ளி. எதிராளியின் மிக நெருங்கிய கல்லைவிட உள்ளே எத்தனை கல் வைத்திருக்கிறாரோ அத்தனை புள்ளி. தன் கல்லுக்கு முன்னால் காவலுக்கு ஒரு கல்லை நிறுத்துவது, அந்தக் காவலைச் சுற்றி வளைத்து இன்னொன்றை ஒளித்துவைப்பது, எதிராளியின் கல்லை அடித்து வெளியேற்றுவது, அடித்துவிட்டு அந்த இடத்தில் தன் கல்லையே உட்காரவைப்பது எல்லாம் உண்டு. கடைசிக் கல்லை விடும் உரிமைக்கு ஹாம்மர் என்று பெயர். சுற்றில் புள்ளி எடுத்தவர் அதை எதிராளியிடம் விட்டுக்கொடுக்க வேண்டும். அதனால் ஒரே ஒரு புள்ளி எடுப்பதைவிட, வேண்டுமென்றே வட்டத்தைக் காலியாக்கிப் புள்ளியே எடுக்காமல் கடைசிக் கல்லைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் தந்திரமும் இருக்கிறது. ஒலிம்பிக்கில் அணிகளுக்கு இப்படிப் பத்துச் சுற்று. இதை விளக்க எனக்கு இந்த ஒரு பத்தி போதுமானதாக இருந்தது.

பனி இல்லாத நாட்டுக்கு இது எதற்கு என்ற கேள்வியும் வரலாம். 2025 பிப்ரவரியில் ஹார்பின் நகரில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டில், ஆடவர் கர்லிங் இறுதியில் தென்கொரியாவை வென்று தங்கம் பெற்றது பிலிப்பைன்ஸ். பனியே பெய்யாத நாடு. அணியில் பெரும்பாலோர் சுவிட்சர்லாந்தில் வாழும் பிலிப்பைன்ஸ் வம்சாவளியினர் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. 2008இல் நீச்சல் போட்டிகள் நடந்த பெய்ஜிங்கின் 'வாட்டர் கியூப்' அரங்கத்தை, 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் நீரை இறக்கிவிட்டுக் கர்லிங் அரங்கமாக்கினார்கள். ஆனால் மும்பையிலும் அப்படி ஒன்று கட்ட வேண்டும் என்று நான் கோரிக்கை வைக்கப்போவதில்லை. நம் ஊர் ஈரக்காற்று குளிர்ந்த தளத்தின்மேல் உறைபனித்தூளாகப் படிந்து கல்லை நடுவழியில் பிடித்து நிறுத்திவிடும். அதை உறிஞ்சியெடுக்கும் இயந்திரங்களுக்கே மாதக் கட்டணம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும்.

நான் செய்தது வேறு. பிரிட்டனில் பனி இல்லாமல் சாதாரண உடற்பயிற்சிக் கூடத் தரையில், அடியில் உருளும் குண்டுகள் பொருத்திய கற்களைக் கொண்டு ஆடுகிறார்கள்; மாற்றுத்திறனாளிகளும் சேர்ந்து ஆட வேண்டும் என்பதற்காக உருவானது அது. ஊர் திரும்பியதும் குர்லா பழைய இரும்புக் கடைகளில் இரண்டு நாள் அலைந்து, ஒரே அளவுள்ள குண்டுச் சக்கரங்கள் இருபத்து நான்கு வாங்கினேன். வட்டமாக அறுத்த பலகையின் அடியில் மூன்று மூன்றாகப் பொருத்தி, மேலே பழைய எடைக்கல்லைத் திருகி, குக்கர் கைப்பிடி வைத்து எட்டுக் கற்கள் செய்தேன். எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் வண்டிகளை ஓரங்கட்டினால் கோட்டா கல் தளம் பதினைந்து மீட்டர் கிடைக்கிறது. மூன்றாவது மாடி அம்மாள் கயிற்றில் சுண்ணக்கட்டி கட்டி வட்டம் போட்டுக்கொடுத்து, கோலமாவால் அதை நிரப்பினார். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இப்போது பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். அவர்களில் ஒருவர் விபத்துக்குப் பின் சக்கர நாற்காலியில் இருப்பவர். குறியில் எங்களை எல்லாம் அவர்தான் தோற்கடிக்கிறார்.

ஒரே குறை, இங்கே தேய்த்துப் பயனில்லை. கல் கையை விட்டதும் எல்லாம் முடிந்துவிடுகிறது. பேத்தியின் கல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோன அந்தப் பத்து விநாடி இங்கே கிடைப்பதே இல்லை. பாதி ஆட்டம்தான் ஆடுகிறோம் என்று ஒருநாள் அலுத்துக்கொண்டேன். சக்கர நாற்காலிக்காரர் உடனே என்னைத் திருத்தினார். பாராலிம்பிக் கர்லிங்கிலும் தேய்ப்பது கிடையாது, ஆகவே விடுபவரே முழுத் துல்லியத்தோடு விட்டாக வேண்டும், அது எப்படிப் பாதி ஆட்டம் ஆகும் என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஆனாலும் மனம் அந்தப் பிரஷ்ஷையே தேடுகிறது.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. கல்லின் எடையையும் தேய்ப்பதன் காரணத்தையும் பற்றி ஒரு சிறு திருத்தத்தை, படம் வந்த அதே பக்கத்தில் வெளியிட வேண்டும். அடுத்த முறை கர்லிங் படம் வரும்போது, அந்த இருவரும் எதற்காகக் குனிந்திருக்கிறார்கள் என்று படத்தின் கீழ் ஒரு வரி சேர்க்க வேண்டும். தலைப்பு எழுதியவர் யாரோ, அவர்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஒருகாலத்தில் நானே எழுதியிருக்கக்கூடிய தலைப்புதான் அது. வரும் ஞாயிறு மாலை அவர் செம்பூர் வரை வர முடியுமானால் எட்டுக் கற்களில் இரண்டை அவருக்கு ஒதுக்கி வைக்கிறோம். முட்டி வலி இருந்தாலும் பரவாயில்லை, கோல் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்,
செம்பூர், மும்பை.